நகரும் கற்களைப் பார்க்கக் கிளம்பும் முன்

கேள்வி: ஜனவரியில் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். டெத் வேலி தேசியப் பூங்காவில் கற்கள் தாமாக நகரும் ‘ரேஸ்ட்ராக்’ என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு வாடகை காரிலேயே போகலாமா?

பதில்: சாதாரண வாடகை காரில் வேண்டாம். யூபிஹீபி எரிமலைப் பள்ளத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து 43 கி.மீ., தகரக் கூரை போல வரிவரியாக ஏறி இறங்கும் கூர்ங்கல் பாதை. அதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

அந்தப் பாதையில் கைவிடுவது டயர்தான். அடிப்பக்கம் குத்தினால் பஞ்சர் கிட் போதும். கல் பக்கவாட்டில் கிழித்தால் ஒட்ட வழியே இல்லை. நகரத்துக் கார் டயர் மெலிதாக இருப்பதே அந்தப் பக்கவாட்டில்தான். உயரமான, தடித்த டயர் போட்ட ஜீப் எடுங்கள். மண் பாதையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படியுங்கள். சாவி வாங்கும்போதே ஸ்டெப்னியைப் பாருங்கள்: முழு அளவில் இருக்க வேண்டும், ஒல்லி ஸ்டெப்னி உதவாது.

வேகம் 25 கி.மீ. போதும். டயர் மாற்ற நேர்ந்தால், ஜாக்கிக்கு அடியில் ஓரடிப் பலகை போடுங்கள். இல்லாவிட்டால் வண்டி உயர்வதற்குப் பதில் ஜாக்கி சரளையில் புதையும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி நழுவும்.

பூங்காவின் வருகையாளர் மையம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து போய்வர சுமார் 270 கி.மீ.; வழியில் பங்க் கிடையாது, செல்போனும் எடுக்காது. டேங்கை நிரப்பி, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொண்டு, திரும்பும் நேரத்தை மகளிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். குளிர்காலத்திலும் இதே விதிதான்.

கேள்வி: கற்கள் நகர்வதை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: அநேகமாக முடியாது. 2013 டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் அதை நேரில் கண்டார்கள். தேங்கிய மழைநீர் இரவில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு உறைந்து, வெயிலில் உடைந்து, அந்தப் பனித்தகடுகளை மெல்லிய காற்று தள்ள, அவை கல்லையும் தள்ளிக்கொண்டு போகின்றன. நீங்கள் பார்க்கப்போவது தடங்களை. படுகையில் தனித்து நிற்கும் கருப்புப் பாறைக் குன்றைத் தாண்டி 3 கி.மீ. தெற்கே வண்டியை நிறுத்தி, தென்கிழக்காக ஒரு கிலோமீட்டராவது நடந்தால் நன்றாகத் தெரியும்.

தரை ஈரமாக இருந்தால் ஓரத்திலேயே நின்றுவிடுங்கள். அந்தச் சேற்றில் பதியும் ஒரு செருப்புத் தடம் பல வருஷம் அழியாது.