குப்பையில் கரண்ட் வருமா?

கேள்வி: குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களாமே, திருகோணமலைக்கும் அப்படியொன்று வந்தால் என்ன? நாற்றமும் புகையும் வராதா? – வாசகி, உப்புவெளி

பதில்: நான் கப்பல் கொதிகலனோடு பாதி ஆயுளைக் கழித்தவன் தங்கச்சி. வேலை அதேதான்: தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றுவது. எண்ணெய்க்குப் பதில் குப்பை. கெரவலப்பிட்டியில் 2021 முதல் கொழும்புப் பக்கத்துக் குப்பையை எரித்து 10 மெகாவாட் அளவில் மின்சாரம் எடுக்கிறார்கள். 2017இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நாற்றத்துக்கு வழி உண்டு. உலைக்குத் தேவையான காற்றைக் குப்பைக் குழிக்குள்ளிருந்தே உறிஞ்சுவார்கள். வாடை வெளியே வராமல் நெருப்புக்குள் போய்விடும். புகையிலுள்ள நஞ்சு எரிய 850 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அப்புறம் மிச்சத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பு, கரித்தூள், துணி வடிகட்டி. வடிகட்டியில் சேரும் சாம்பல் நஞ்சு, அதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அயலவர் பாடு திண்டாட்டம்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. தேங்காய்ப்பூச் சக்கை, இளநீர்க் கோம்பை, மீன் செதில் எல்லாம் ஒரே சொப்பிங் பையில், சொட்டச் சொட்ட. ஈர விறகில் அடுப்பு மூட்டிப் பாருங்கள், தெரியும். அதோடு, கெரவலப்பிட்டி மாதிரிப் பெரிய உலைக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன் தீனி வேண்டும், நம் ஊரில் அவ்வளவு சேராது. இந்த ஊருக்கு உரக்குழியும், ஈரக் கழிவை மூடிப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் சாணவாயுக் கலனும்தான் தோது.

எங்கள் வீட்டு மீன் தலையெல்லாம் முருங்கையடியில். பூனை தோண்டாமல் மேலே ஒரு கல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.