வாசகர் கேள்வி – பதில்: சப்தாங் தீவு

கேள்வி: பிலிப்பைன்ஸின் பட்டானெஸ் மாகாணத்தில் சப்தாங் ஒரு தனி முனிசிபாலிட்டி. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு நிர்வாகச் செலவு எப்படிக் கட்டுப்படியாகிறது?

பதில்: பெரும்பகுதி மத்திய அரசின் வரிப் பங்கில்தான். 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி தேசிய வரியில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் 34 சதவீதம் முனிசிபாலிட்டிகளுக்கு. அதைப் பிரிக்கும்போது பாதியை மக்கள்தொகைப்படியும், கால் பங்கை நிலப்பரப்புப்படியும், மீதிக் கால் பங்கை எல்லோருக்கும் சமமாகவும் கொடுக்கிறார்கள். சப்தாங்கின் பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர், ஆறு பரங்காய்கள் (ஊராட்சி போன்ற மிகச் சிறிய நிர்வாகப் பிரிவுகள்). ஆளும் குறைவு, நிலமும் குறைவு. அந்தச் சமப் பங்குதான் ஊரைத் தாங்குகிறது. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை கடலை மேற்பார்க்கும் பொறுப்பு முனிசிபாலிட்டியுடையது. ஆனால் பங்குக் கணக்கில் கடல் வருவதில்லை. தீவு ஊர்களுக்கு இது அநியாயம் என்றே சொல்வேன்.

வந்த பணத்தையும் இஷ்டம்போலச் செலவிட முடியாது. வரிப் பங்கில் 20 சதவீதம் வளர்ச்சிப் பணிக்கு. மொத்த வருவாயில் குறைந்தது 5 சதவீதம் பேரிடர் நிதிக்கு. அந்த நிதியில் 30 சதவீதத்தை உடனடி நிவாரணத்துக்கென்று தொடாமல் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் புயல் வரும் ஊருக்கு இந்த ஒதுக்கீடு அவசியம்.

கேள்வி: அங்குள்ள கல் வீடுகளைச் சிமென்ட் பூசிப் பழுது பார்க்கலாமா?

பதில்: கூடாது. சவிடுக், சவாயான் பகுதிகளில் உள்ள இவத்தான் மக்களின் (பட்டானெஸின் பூர்வகுடிகள்) வீட்டுச் சுவர் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பல வீடுகளில் இரண்டடிக்கும் மேல் தடிமன். சுவருக்குள் மரத்தூண்கள் நின்று கூரையைத் தாங்கும். புயல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைப்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கி, பழைய சுண்ணாம்புக் காரை மாவாகி உதிரும். மரத்தூண் அடியிலிருந்து உளுத்துப்போகும். பூச்சு மட்டும் பளபளவென்று நிற்கும், கெடுதி கடைசிவரை வெளியே தெரியாது.

சுண்ணாம்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முன்பு பவளக்கல்லைச் சுட்டார்கள். 1998-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் பவளம் எடுப்பதைத் தடை செய்துவிட்டது. ஆகவே சுண்ணாம்பு வெளியிலிருந்து வர வேண்டும். படகுக் கூலியையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும்.

கூரை கோகோன் புல். கட்டுக்கட்டாக நெருக்கி, தடிமனாக வேய்ந்தால் இருபது ஆண்டுக்கு மேல் நிற்கும். மெல்லியதாக வேய்ந்தால் சில மழையிலேயே ஒழுகும். புயலுக்கு முன் கூரைமேல் கயிற்று வலை போர்த்தி இறுக்குவார்கள். ஊர் கூடி ஒருவருக்கொருவர் கைமாற்றாக வேயும் வழக்கம்தான் இதன் உயிர். இளைஞர்கள் வெளியூர் போகப் போக ஆள் கிடைப்பதில்லை; தகரம் ஏறுகிறது. தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், ஆணி தளர்ந்தால் புயலில் பறக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது: காற்றை எதிர்க்கும் இந்தக் கனம் நிலநடுக்கத்தில் ஆபத்து. 2019 ஜூலை 27 அன்று அதே மாகாணத்தின் இத்பயாத் தீவில் நிலநடுக்கத்தால் கல் வீடுகள் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். சுவரைத் திரும்பக் கட்டும்போது உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிணைக்கும் நீளக்கற்களை இடையிடையே குறுக்கே போட வேண்டும். இரண்டு முகத்துக்கும் நடுவே வெறும் சல்லியை நிரப்பினால் நடுக்கத்தில் சுவர் பிளந்துவிடும்.

கேள்வி: சப்தாங் போக எது நல்ல காலம்? படகுப் பயணம் எப்படி?

பதில்: மார்ச் முதல் மே வரை. ஜூனில் தொடங்கிப் புயல் காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று கடலைக் கலக்கும். விமானத்தில் மாகாணத் தலைநகர் பாஸ்கோ, அங்கிருந்து சாலை வழி இவானா, இவானாவில் ‘பலுவா’ படகு. கடலைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பலுவாவுக்குப் பக்கமிதவை (கவிழாமல் இருக்கப் படகின் பக்கவாட்டில் கட்டும் மூங்கில்) கிடையாது, அடிப்பாகம் உருண்டை. இந்தக் கடலின் பேரலையில் மூங்கில் மிதவை முறிந்துவிடும் என்பதால் இந்த அமைப்பு. அதனால் நன்றாக உருளும். வாந்தி மாத்திரையை அரை மணி முன்பே போடுங்கள், படகின் நடுவில் உட்காருங்கள். ஏறும்போது படகு அலையில் உயர்ந்து துறைமேடைக்குச் சமமாக வரும் கணத்தில், படகுக்காரர் சொன்னதும் கால் வையுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பையை முதலில் கொடுத்துவிடுங்கள்.

காலையிலேயே கிளம்புங்கள். தேவையான பணத்தைப் பாஸ்கோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படை தடுத்தால் படகு ஓடாது, கெஞ்சியும் பயனில்லை. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள்.