இரண்டு வருட ரக்பி ஒப்பந்தம், நான்கு வருட கார் தவணை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஆடும் கிளப் ஒன்றின் அகாடமியில் இருந்தான். இப்போது முதல் முழுநேர ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம், வருடத்துக்கு 30,000 பவுண்ட். நான்கு வருடத் தவணையில் கார் எடுக்க வேண்டும், பகுதிநேரப் பட்டப்படிப்பை விட்டுவிட வேண்டும் என்கிறான். என்ன சொல்வது?

பதில்: உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள். அகாடமியில் கூடவே ஆடிய பலருக்கு இந்த ஒப்பந்தம் கிடைப்பதே இல்லை.

முதலில் கைக்கு வரும் பணத்தைப் பார்ப்போம். 12,570 பவுண்டுக்கு மேல் உள்ள தொகைக்கு 20 சதவீத வருமான வரி, 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீட்டுக்கான பிடித்தம்). இரண்டும் போக மாதம் சுமார் 2,090 பவுண்ட் வரும். மேட்ச் போனஸை இதில் சேர்க்கவே வேண்டாம். அதை நம்பியிருக்க முடியாது; இளம் வீரர்களைத் தற்காலிகமாக ஆடக் கீழ் டிவிஷன் கிளப்புக்கு அனுப்புவது சகஜம்.

கார் வேண்டாம் என்பதே என் பதில். சம்பளம் இரண்டு வருடத்துக்குத்தான் உறுதி, தவணையோ நான்கு வருடம். அந்த இரண்டு வருடமும் கூட முழு உறுதி என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் வொர்செஸ்டர் வாரியர்ஸ், அக்டோபரில் வாஸ்ப்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் என்று ஒரே சீசனுக்குள் மூன்று பிரீமியர்ஷிப் கிளப்புகள் நொடித்துப்போயின. வாஸ்ப்ஸில் மட்டும் வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள் என 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. ஒப்பந்தக் காலம் மீதி இருந்தவர்களும் அதில் உண்டு. 13 அணிகள் 10 ஆகிவிட்டதால், இடம் தேடி அலைந்தவர்களுக்கு இடமும் குறைவு.

அதனால் முதல் வேலை, ஆறு மாதச் செலவுப் பணத்தைச் சேர்ப்பது. அணி நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு மாதச் செலவு 1,300 பவுண்ட் ஆகிறது என்றால், 7,800 வேண்டும். மாதம் 700 எடுத்து வைத்தால் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். நினைத்தவுடன் எடுக்க முடிகிற சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

அப்புறம் லைஃப்டைம் ஐசா என்ற, அரசு ஊக்கத்தொகை தரும் சேமிப்புக் கணக்கு. வருடத்துக்கு 4,000 பவுண்ட் வரை போடலாம், அரசு 25 சதவீதம் சேர்த்துத் தரும். முதல் வீடு வாங்க அருமையான வழி. ஆனால் அவசரத்துக்குக் கை வைத்தால் நஷ்டம்: 4,000 போட்டு 5,000 ஆன பணத்தை இடையில் எடுத்தால், 25 சதவீதக் கட்டணம் போக 3,750தான் திரும்பும். சொந்தப் பணத்திலேயே 250 போய்விடுகிறது. எனவே அவசர நிதி நிறைந்த பிறகுதான் இது.

பென்ஷனில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. 22 வயது ஆனால்தான் வேலை தருபவர் தன் பென்ஷன் திட்டத்தில் தானாகச் சேர்ப்பார். உங்கள் மகன் கேட்டுச் சேர வேண்டும். கேட்டுவிட்டால் கிளப்பும் தன் பங்கைப் போட்டாக வேண்டும்; அவர் சம்பளத்துக்கு அது வருடம் 700 பவுண்டுக்குக் குறையாது. அவர் கையில் மாதம் எண்பது பவுண்ட் போலக் குறையும். இந்த வயதில் போடும் பணம் வளர எவ்வளவு காலம் இருக்கிறது பாருங்கள். அவசியம் கேட்கச் சொல்லுங்கள்.

படிப்பை விட வேண்டாம். சுமையாக இருந்தால் பாடங்களைக் குறைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். முழங்காலில் ஒரு பெரிய காயம் பட்டால் ஒரு சீசனே போய்விடும். ஒப்பந்தத்தில் காயம் பற்றிய பிரிவை நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். எத்தனை மாதம் முழுச் சம்பளம், எத்தனை மாதம் ஆட முடியாவிட்டால் கிளப் விலக்கலாம் என்று தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குக் காப்பீடு எடுக்க முடியுமா என்று வீரர்கள் சங்கமான ரக்பி பிளேயர்ஸ் அசோசியேஷனிடம் கேட்கலாம்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்று. ஏஜென்ட் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வீரர் சார்பில் கிளப் கட்டினால் அது அவருக்குக் கிடைத்த சலுகையாகக் கணக்காகி, வரி அவர் தலையில் விழும். மேலே சொன்ன 2,090 அந்த அளவுக்குக் குறையும்.