கோயிலை இடிக்க வேண்டாம் என்ற போப்

கிறிஸ்தவத் தேவாலயங்களில் பழைய மதங்களின் சாயல் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சில விஷயங்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. 601இல் போப் முதலாம் கிரகோரி, மதம் பரப்ப இங்கிலாந்துக்குப் புறப்பட்ட துறவி மெல்லிட்டஸுக்கு எழுதிய கடிதமே போதும். அங்குள்ள பழைய மதக் கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அழித்துவிட்டு, தீர்த்தம் தெளித்து, பீடம் கட்டி, புனிதர்களின் திருப்பண்டங்களை (எலும்பு, உடை போன்றவற்றை) வையுங்கள் என்கிறார். மாட்டுப் பலியையும் விருந்தாக மாற்றச் சொல்கிறார்: நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் திருநாளில் தேவாலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் குடில் போட்டு, மாட்டை அறுத்துச் சாப்பிட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லட்டுமாம். மக்கள் மனதை நன்றாக அறிந்தவர்!

ஆனால் கிறிஸ்துமஸ் நாளான டிசம்பர் 25 ரோமானியரின் சூரிய விழாவிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இயேசு கருவான நாளாக மார்ச் 25ஐக் கொண்டு, ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்ற விளக்கமும் வலுவானதே.