ஆக்டிவ் பிக்கப் க்ளீனில் தட்டையாகக் கேட்கிறதா? கழற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: கைமாறி வந்த கிட்டார் ஒன்றை வாங்கினேன். பிரிட்ஜ் பக்கம் இ.எம்.ஜி. 81, நெக் பக்கம் 85, இரண்டும் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும் கருவி). டிஸ்டார்ஷன் போட்டால் பிரமாதம். ஆனால் க்ளீனில், அதாவது டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் கீபோர்டில் கிட்டார் டோன் வைத்த மாதிரி தட்டையாக இருக்கிறது. போன மாதத்திலிருந்து ஓங்கி அடித்தால் கரகரப்பு வேறு. நண்பர்கள் பேட்டரி இல்லாத பாஸிவ் பிக்கப்புக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: கரகரப்பு வேறு, தட்டை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் நல்ல பிக்கப்பைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள்.

முதலில் கரகரப்பு. பேட்டரியைத் தவிர வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம். மெதுவாக வருடினால் சரியாக ஒலித்து, ஓங்கி அடித்தால் மட்டும் அடியின் தொடக்கம் "பர்ர்" என்று உடைகிறது என்றால், உள்ளே சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்புக்கு வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். புது ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி 9.5 பக்கம் காட்டும்; 8-க்குக் கீழே வந்துவிட்டால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பேட்டரி கேட்கும்போது "ஆல்கலைன்" என்று சொல்லியே கேளுங்கள், இல்லையென்றால் கடையில் மலிவான சாதா பேட்டரியை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

கேபிளைச் செருகினால்தான் பேட்டரி ஓடும் என்பது தெரியும்தானே? கிட்டாரில் இருப்பது ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் மைனஸ் வயர் அதன் நடுத் தொடர்பில் போய் நிற்கிறது, நீங்கள் செருகும் மோனோ பிளக்கின் நீண்ட உடல் அதையும் கிரவுண்டையும் ஒன்றாகத் தொட்டதும் சர்க்யூட் முழுமையாகிறது. அதனால் வாசித்து முடித்ததும் பிளக்கை உருவிவிட வேண்டும். ஒரு ராத்திரி மறந்துவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அவ்வளவு மோசமில்லை. இந்த வகை பிக்கப் ஒன்று இழுப்பது சுமார் 80 மைக்ரோஆம்ப்தான். இரண்டு சேர்ந்தால் ஒரு பேட்டரி தோராயமாக 1500 மணி நேரம் தாங்கும், அதாவது இரவு பகலாகச் செருகியே வைத்தாலும் இரண்டு மாதம். ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் போன்ற வேறு ஆக்டிவ் பிக்கப்புகள் இதைவிடப் பல மடங்கு இழுக்கும், அங்கே மறதி விலை கேட்கும்.

சரி, தட்டை விஷயத்துக்கு வருவோம். பாஸிவ் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடுகிறது. அந்தச் சுருளின் இண்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கெப்பாசிடன்ஸும் (மீட்டருக்கு சுமார் 100 பைக்கோஃபாரட் என்று வையுங்கள்) சேர்ந்து, பொதுவாக 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேடு போடுகின்றன, அதாவது அங்கே ஒலி தூக்கலாகும், அதற்கு மேலே சரிந்துவிடும். வால்யூம் நாபுக்கு அடியில் இருக்கும் பாட் (மாறும் ரெசிஸ்டர்) அந்த மேட்டை இன்னும் கொஞ்சம் அமுக்கும். ஆக, நாம் "இனிமை" என்று சொல்வதில் பாதி கேபிளும் பாட்டும் செய்த வேலை.

ஆக்டிவில் சுற்று குறைவு. அதனால் சிக்னல் சின்னதாக வரும், அதைத் தூக்கத்தான் பிக்கப்புக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்பை வைத்து எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கிறார்கள். வெளியே வரும் இடத்தில் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு இருக்கும் தடை) வெறும் 10 கிலோஓம். இதற்குப் பிறகு நீங்கள் 3 மீட்டர் கேபிள் போட்டாலும் 10 மீட்டர் போட்டாலும் வித்தியாசம் அநேகமாகக் காதில் விழாது, வால்யூமைக் குறைத்தாலும் ட்ரெபிள் தொலையாது, இரைச்சலும் குறைவு. டிஸ்டார்ஷனில் இவையெல்லாம் வரம். க்ளீனில், கேபிளும் பாட்டும் சேர்ந்து போட்டுக்கொண்டிருந்த அந்த மேடு பள்ளம் இல்லாததால் காதுக்கு வெறுமையாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு 81-இல் இருப்பது செராமிக் காந்தம், அப்பர் மிட்ஸ் தூக்கலாக வைத்து பிரிட்ஜில் டிஸ்டார்ஷனுக்கென்றே செய்யப்பட்டது. அதில் க்ளீனாக ஆர்பெஜியோ (கார்டை ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக) வாசித்துவிட்டு ஆக்டிவே மட்டம் என்பது நியாயமில்லை. பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் தன் சிவப்பு ஸ்ட்ராட் கிட்டாரில் வைத்திருந்ததும் இ.எம்.ஜி. ஆக்டிவ்தான், எஸ்.ஏ. என்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) மாடல். 1994 சுற்றுப்பயணத்தில் அதுதான் அவருடைய முக்கிய கிட்டார், அந்த க்ளீனை உயிரில்லாதது என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

இனி உங்கள் கையில் இருப்பதை வைத்தே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

புது பேட்டரி போட்ட கையோடு பிக்கப் உயரத்தைப் பாருங்கள். ஆக்டிவில் காந்த இழுப்பு குறைவு என்பதால் முந்தைய சொந்தக்காரர் அதை ஸ்ட்ரிங்கை உரசுகிற மாதிரி ஏற்றி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். நெக் பிக்கப்பை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு ஓப்பன் ஜி கார்டை அடித்துவிட்டு அது தேயும் வரை கேளுங்கள். அடி விழுந்ததும் எல்லா ஸ்ட்ரிங்கும் ஒரே சுவர் மாதிரி நிற்காமல், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்க ஆரம்பிக்கும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

அப்புறம் ஆம்ப். இரண்டு இன்புட் உள்ள பழைய பாணி ஆம்ப் என்றால் சிக்னலைக் குறைத்து எடுக்கும் இரண்டாவது இன்புட்டில் செருகுங்கள். கம்ப்யூட்டரில் இண்டர்ஃபேஸ் வழியாக வாசிப்பவர் என்றால் கெய்ன் நாபைப் பூஜ்யத்தில் வைத்தும் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் பேட் (சிக்னலைக் குறைக்கும் ஸ்விட்ச்) போடுங்கள், அல்லது லைன் இன்புட்டில் கொடுங்கள், அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவு என்பதால் ஆக்டிவ் அதற்கும் ஈடுகொடுக்கும். பழைய ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் (ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் எஃபெக்ட்) வைத்திருந்தால் மட்டும் அதனோடு இது ஒத்துப்போகாது, அந்தப் பெடல் பாஸிவ் பிக்கப்பை நம்பிச் செய்தது.

இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுப்பது பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செய்யலாம், இந்த பிக்கப்புகள் 27 வோல்ட் வரை தாங்கும். ஓங்கி அடிக்கும்போது கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதைவிட 85-ஐ பிரிட்ஜுக்கும் 81-ஐ நெக்குக்கும் இடம் மாற்றிப் பாருங்கள் என்பேன். 85-இல் ஆல்னிகோ காந்தம், பிரிட்ஜில் அது தடிமனாக, கனிவாக ஒலிக்கும். புது மாடல்களில் சோல்டரிங்கே வேண்டாம், கனெக்டரைப் பிடுங்கிச் செருகினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லையா, மாற்றுங்கள். ஆனால் பிக்கப்பை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. ஆக்டிவுக்குப் போட்டிருப்பது 25 கே (கிலோஓம்) பாட். அதில் பாஸிவ் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) இணைத்தால் போர்வை போர்த்திய மாதிரி மங்கிவிடும், 500 கே பாட் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் பாஸிவாக்கி 500 கே போட்டால் மிச்சமிருக்கும் ஆக்டிவின் வால்யூம் நாப் ஸ்விட்ச் மாதிரி நடந்துகொள்ளும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் உத்தமம். பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இ.எம்.ஜி.க்கு அது தேவையில்லை என்பதால் பல கிட்டாரில் வெட்டியிருப்பார்கள், இல்லாமலே விட்டால் பாஸிவ் பிக்கப் போட்ட அன்றைக்கே "ஊம்ம்" என்று இரைய ஆரம்பிக்கும். கழற்றிய 81, 85 இரண்டையும் வயர், பாட், ஜாக்கோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள், விற்கும்போது முழு செட்டாகத்தான் கேட்பார்கள்.