பெல் எப்படி இளைத்தது?

கேள்வி: திருச்சி பெல் கம்பெனியைச் சீனாக்காரன் விழுங்கிவிட்டான் என்கிறார், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா. அப்படியா? – ஒரு வாசகர், திருவெறும்பூர்

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி.

பெல் என்பது BHEL, மத்திய அரசின் மின் இயந்திர நிறுவனம். காமராஜர் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு உங்கள் ஊருக்கு வந்தது அதன் ஆலை. மின்வாரியம் அனல்மின் நிலையத்துக்கு நீராவி தரும் கொதிகலன் கேட்கும், பெல் செய்து கொடுக்கும். தாமதமானால் இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொள்ளும். வாங்குகிறவரும் அரசு, விற்கிறவரும் அரசு. சம்பந்தி வீட்டுக் கணக்கு மாதிரி, யாரும் யாரையும் கறாராகக் கேட்கவில்லை.

அப்புறம்தான் சீனா வந்தது. விலை குறைவு, வேலை வேகம், கூடவே சீன வங்கிக் கடன். 2010இல் ரிலையன்ஸ் பவர், சீனாவின் ஷாங்காய் எலக்ட்ரிக்கோடு போட்ட ஒப்பந்தம் மட்டும் 800 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட் அலகுக்கு இயந்திரங்கள் சீனாவின் டாங்ஃபாங் நிறுவனத்திலிருந்து வந்தன. காவிரியில் மேலே மேட்டூர், கீழே திருச்சி. கொதிகலன் மட்டும் கப்பலில்! இறக்குமதிக்கு 21 சதவீத வரி போட 2012 ஜூலை ஆயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மீதிப் பாதியை மாமா சொல்ல மாட்டார். 2012-13இல் பெல்லின் விற்றுமுதல் சுமார் 50,000 கோடி ரூபாய். 2020-21இல் சுமார் 17,000 கோடி. நஷ்டம் 2,700 கோடி. கொரோனா என்பார்கள். முந்தைய ஆண்டே 1,400 கோடிக்கு மேல் நஷ்டம். 2014இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, தனியார் மின் திட்டங்கள் பணமில்லாமல் பாதியில் நின்றன, சூரிய மின்சாரம் மலிவானது. இதில் சீனாவின் கை எங்கே? நிலக்கரி மின் நிலையங்களையே பெரிதும் நம்பியிருந்தது பெல். ஒரே பயிரை நம்பிய சம்சாரிக்கு மழை பொய்த்தால் நேர்வதுதான் நேர்ந்தது.

அடி முழுசாக விழுந்தது பெல் மேல் அல்ல. பக்கத்துத் துவாக்குடி தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். பெல் தரும் இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, டன் கணக்கில் கூலி வாங்கிய பட்டறைகள் அவை. வங்கிக் கடனில் கிரேன் வாங்கிப் போட்டவர்களுக்கு ஆர்டர் நின்றதும் வங்கி நோட்டீஸ் வந்தது. சோதனை எக்ஸ்ரேயில் குறை என்று ஒரு புள்ளிகூடத் தெரியாமல் குழாய் ஒட்டுகிற வெல்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். போகாதவர் வீட்டு கேட்டுக்கு கிரில் அடிக்கிறார். பொதுத்துறையைக் காப்பாற்று என்று கொடி பிடித்தவர்கள் இந்தப் பட்டறைகளுக்காக எத்தனை நாள் பிடித்தார்கள்?

இப்போது அனல்மின் ஆர்டர்கள் மறுபடி வருகின்றன. பங்குச் சந்தைக்காரர்கள் குஷியில் இருக்கிறார்கள். சரி, வெல்டிங் வைக்க ஆள்? மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.