பச்சைத் துணியா சேர்ந்து கிடக்கு, எந்த குவில்ட் பேட்டர்ன் எடுக்கறது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "பல வருஷமா சுடிதார், ப்ளவுஸ் தச்சதுல மிஞ்சின காட்டன் துணியில பாதிக்கு மேல பச்சைதான். பாட்டில் பச்சை, ராமர் பச்சை, கிளிப்பச்சை, பிஸ்தா, மெஹந்தின்னு எல்லாம் இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. புதுசா அதிகம் வாங்காம சோபாவுல உக்காந்து போர்த்திக்கற சைஸ்ல ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணியை ஒட்டுப் போட்டுத் தைக்கற போர்வை, தைக்கணும். எந்த பேட்டர்ன் சரியா வரும்?"

பேட்டர்ன் தேடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. எல்லாத் துணியையும் தரையில பரப்பி, போன்ல ஒரு போட்டோ எடுத்து அதை பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாருங்க. குவில்ட்ல டிசைன் கண்ணுக்குத் தெரியறது கலரால இல்ல, வெளிறினதும் அடர்த்தியானதும் பக்கத்துல பக்கத்துல வர்றதால. கண்ணைப் பறிக்கற கிளிப்பச்சை அந்த போட்டோவுல வெளிறிப் போய் பிஸ்தா பக்கத்துல நிக்கும், தனித்தனி கலர்னு நீங்க நெனச்ச ராமர் பச்சையும் பாட்டில் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பா தெரியும். அதை வெச்சு வெளிறினது, நடுத்தரம், அடர்த்தின்னு மூணு குவியல் போடுங்க. இதுக்குன்னே விக்கற சிவப்பு பிளாஸ்டிக் கண்ணாடி வழியா பார்க்கலாம்னு சிலர் சொல்வாங்க, பச்சைக்கு அது வேண்டாம், சிவப்பு வழியா பார்த்தா பச்சை எல்லாமே இருக்கறதை விட அடர்த்தியா காட்டும்.

சேர மாட்டேங்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்குக் காரணம் சில பச்சை மஞ்சள் பக்கம் சாஞ்சது, சிலது நீலம் பக்கம் சாஞ்சது. ரெண்டே ரெண்டு துணியை எடுத்தா அந்தச் சண்டை நல்லாவே தெரியும். பதினஞ்சு, இருபது விதம் கலந்துட்டா எதுவும் தனியா துருத்தாது, அதனால பச்சையைக் குறைக்காதீங்க, முடிஞ்ச வரைக்கும் நிறைய விதத்தை உள்ள விடுங்க. கூட ஒரே ஒரு வேற கலர் போதும். காடாத் துணியோட அந்த மங்கின வெள்ளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பளீர் வெள்ளையை விட பச்சைக்கு அது இதமா இருக்கும், விலையும் குறைவு.

இப்ப பேட்டர்ன். உங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஐரிஷ் செயின், ஆனா தலைகீழா. குவில்ட்டோட ஒவ்வொரு கட்டத்துக்கும் பிளாக்னு பேரு. வழக்கமா இதுல ஒன்பது சதுரம் சேர்த்த பிளாக் ஒண்ணு, பக்கத்துல ஒட்டுப் போடாத வெள்ளை பிளாக் ஒண்ணுன்னு மாறி மாறி வரும், ஒன்பதுல நாலு மூலையும் நடுவும் பச்சைங்கறதால பச்சைச் சங்கிலி குறுக்கால ஓடும். கணக்குப் பாருங்க, 6 இன்ச் பிளாக், 9 வரிசைக்கு 11, மொத்தம் 99 பிளாக், 54க்கு 66 இன்ச் குவில்ட். 44 இன்ச் அகலத் துணின்னா பச்சை 1 மீட்டர்தான் செலவாகும், வெள்ளை 2.3 மீட்டர் வாங்கணும். துணியைத் தீர்க்க உக்காந்துட்டு இன்னும் துணி வாங்கற கதை ஆயிடும். அதையே திருப்பிப் போட்டு சங்கிலிக்கு காடா, மத்த எல்லாத்துக்கும் பச்சைன்னு வெச்சா பச்சை 2.3 மீட்டர் தீரும், காடா 1 மீட்டரும் கொஞ்சமும் போதும். வெட்டறதும் சுலபம், 250 காடா சதுரம், 200 பச்சை சதுரம், எல்லாம் 2.5 இன்ச், அப்புறம் 6.5 இன்ச்ல 49 பெரிய பச்சை சதுரம். 80 சென்டிமீட்டர் ப்ளவுஸ் பிட் ஒண்ணுல இந்தப் பெரிய சதுரம் 20 வரும், அகலம் கூட இருந்தா 24. தையல் எல்லாம் கால் இன்ச். டெய்லரிங் பழகினவங்களுக்கு கை தானா அரை இன்ச் விடும், அங்க கவனமா இருங்க, இல்லன்னா சதுரத்தோட மூலை எதுவும் சேராது.

இதுல நடுத்தரக் குவியலும் அடர்த்திக் குவியலும் மட்டும்தான் போகணும். பிஸ்தாவை போட்டா காடா சங்கிலி அந்த இடத்துல அறுந்த மாதிரி தெரியும். பிஸ்தாவும் வெளிறின கிளிப்பச்சையும் நிறைய இருந்தா, இல்ல உங்ககிட்ட இருக்கறது சதுரமே வராத நீள நீள ஓரத்துண்டுன்னா, லாக் கேபின் எடுங்க. நடுவுல 2.5 இன்ச் சதுரம், சுத்தி 1.5 இன்ச் பட்டை மூணு சுத்து, ரெண்டு பக்கம் வெளிறினது, ரெண்டு பக்கம் அடர்த்தி, தச்சு முடிச்சா 8 இன்ச் பிளாக். 6க்கு 8ன்னு 48 பிளாக் போட்டா 48க்கு 64 இன்ச் வரும். இதுல வெளிறின பக்கமும் பச்சை, அடர்த்திப் பக்கமும் பச்சை, நடுச் சதுரத்தைத் தவிர வேற துணியே தேவையில்ல. நடுச் சதுரத்துக்கு சிவப்பு வைக்கறது அமெரிக்கால பழைய வழக்கம், நீங்க அரக்கு வைங்க, பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவையைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது உடனே பிடிச்சுப்போகும். தச்சு முடிச்ச பிளாக்கை தரையில திருப்பித் திருப்பி வெச்சுப் பாருங்க, ஒரே பிளாக்ல வைரம், சாய்ஞ்ச கோடு, மின்னல்னு எத்தனையோ வரும், அவசரப்பட்டு இணைச்சுடாதீங்க.

நடுச் சதுரத்தைச் சுத்தி சுத்து சுத்தா சதுரம் விரிஞ்சுக்கிட்டே போற ட்ரிப் அரவுண்ட் த வேர்ல்ட் பேட்டர்ன் அழகா இருக்கும், வெளிறினதுல ஆரம்பிச்சு அடர்த்தி வரைக்கும் போகலாம்னு ஆசை வரும். மிச்சத் துணிக்கு அது ஒத்துவராது. நடுச் சதுரத்தைச் சுத்தி முதல் சுத்துக்கு 4 சதுரம், பத்தாவது சுத்துக்கு 40, அதுவும் ஒரே துணியில வேணும், பாதியில துணி தீர்ந்துடும். பைன் மரம் பேட்டர்ன் பச்சைக்கே பொறந்தது, ஆனா முழுக்க சின்னச் சின்ன முக்கோணம், குறுக்கு வெட்டு இழுபடும், முதல் குவில்ட்னா தள்ளி வைங்க.

வெட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தனித்தனியா துவைச்சிடுங்க. கைத்தறி அடர் பச்சை சாயம் விடும், சுருங்கவும் செய்யும். உப்பும் வினிகரும் போட்டா சாயம் நின்னுடும்னு நம்பாதீங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசி, ஈரத்துணி மேல வெள்ளைத் துணி வெச்சு இஸ்திரி போட்டு கறை வருதான்னு பாருங்க. பச்சை எப்பவுமே சிக்கலான சாயம்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க குவில்ட்கள்ல நீலமும் மஞ்சளும் ரெண்டு தடவை முக்கி எடுத்த பச்சையில தச்ச இலை சிலது, மஞ்சள் போனதும் இன்னிக்கு நீலமா நிக்குது. உங்க துணியில சந்தேகமானதை பாதி மூடி ரெண்டு வாரம் ஜன்னல் வெயில்ல வைங்க, வெளுத்தா அதை அடிப்பக்கத்துக்கு தள்ளிடுங்க.

மிஞ்சற பெரிய துண்டை எல்லாம் இணைச்சு அடிப்பக்கமே போட்டுடலாம், அதுல பிஸ்தா, பாட்டில் எதுவா இருந்தாலும் பரவால்ல. ஓரம் அடிக்க 54க்கு 66 சைஸுக்கு 2.5 இன்ச் பட்டை 7 வேணும், அதுக்கு மட்டும் ஒரு அடர் பச்சையை இப்பவே எடுத்து தனியா வெச்சிடுங்க, கடைசியில தேடினா கிடைக்காது.